எதிர்ப்பாற்றலை அடக்குவது யார்?

வாசகர் கேள்வி (கே.ஆர். புரம், பெங்களூரு), 7 அக்டோபர் 2025

நேற்று அறிவிக்கப்பட்ட மருத்துவ நோபல் பரிசுச் செய்தியைப் படித்தேன். எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்காமல் காப்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்கிறார்கள். அப்படியானால், அந்தச் செல்கள் சரியாக இருக்கும்வரை எதிர்ப்புச் சக்தியை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம், அதனால் தீங்கில்லை என்றுதானே பொருள்? ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் அக்கா விளக்க வேண்டும்.

7 அக்டோபர், இரவு

அப்படிப் பொருள் கொள்ள முடியாது. சகாகுச்சி 1995-இல் அந்த டி செல்களை அடையாளம் காட்டியதும், பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் 2001-இல் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டதும் பெரிய வேலைகள். பரிசுக்கு முழுத் தகுதி உடையவை. ஆனால் அவை எதிர்ப்பாற்றலின் ஒரு கிளையைப் பற்றியவை. டி செல்கள் ஒரு கிருமியைத் தனித்து அடையாளம் கண்டு, பெருகி, களத்துக்கு வரப் பல நாட்கள் ஆகும். அதற்கு முன்பே, பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கு ஒன்று தொட்ட சில நிமிடங்களில், பெருவிழுங்கிகள் என்னும் மேக்ரோஃபேஜ் செல்கள் அழற்சியைத் தொடங்கிவிடுகின்றன. பிறக்கும்போதே கூட வரும் இந்த இயல்பு எதிர்ப்பாற்றலுக்குத் தனக்கென்று அடக்கும் ஏற்பாடுகள் உண்டு. டி செல்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே பரிணாமத்தில் அவை தோன்றிவிட்டன.

இதற்குச் சான்று பழ ஈ. டோல் என்ற மரபணு பூஞ்சையிலிருந்து ஈயைக் காக்கிறது என்று ஹாஃப்மனின் ஆய்வுக்குழு 1996-இல் காட்டியது. 1998-இல் பாய்ட்லரின் குழு, எலியில் எல்பிஎஸ் என்ற பாக்டீரியச் சுவர்ப்பொருளை உணர்வது அதே குடும்பத்தைச் சேர்ந்த டிஎல்ஆர்4 என்ற ஏற்பி என்று கண்டது. இருவருக்கும் 2011-இல் நோபல் கிடைத்தது. ஈயின் உடலில் டி செல்லே கிடையாது. ஆயினும் அதன் குடலில் பிஜிஆர்பி-எல்பி என்ற நொதி, பாக்டீரியச் சுவர்த் துணுக்குகளை உடைத்துப் போட்டு, அவை சமிக்ஞையைத் தொடர்ந்து தூண்டாமல் பார்த்துக்கொள்கிறது. குடலில் எந்நேரமும் பாக்டீரியா இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முழு அழற்சி எழுந்தால் ஈ உயிர் வாழாது. நம் நிலையும் அதுவே.

இதை இன்னும் விரிவாக எழுத வேண்டும். நாளை தொடர்கிறேன்.

8 அக்டோபர், மாலை

நான் நேரில் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் கூடத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் சோதனைகளில் இது ஒன்று. எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து பெருவிழுங்கிகளை வளர்த்து, சிறிதளவு எல்பிஎஸ் சேர்த்து, குறித்த நிமிடங்களில் செல்களை உடைத்து, ஐ-கப்பா-பி என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பார்கள். எல்பிஎஸ் சேர்க்காத செல்லில் கறுத்த, தடித்த ஒரு பட்டை தெரியும். பதினைந்தாம் நிமிடத்தில் அது வெளுத்துவிடும். முப்பதாம் நிமிடத்தில் அந்த இடம் ஏறக்குறைய காலியாக இருக்கும். அறுபதாம் நிமிடத்துக்குரிய இடத்தில் பட்டை மறுபடியும் நிற்கும். இதை முதன்முறை பார்க்கும் மாணவர்களில் பலர் மாதிரிகளை மாற்றி ஊற்றிவிட்டோமோ என்று அஞ்சி என்னிடம் ஓடிவருவார்கள். மாறிப்போனது எதுவுமில்லை, செல் செய்கிற வேலையே அதுதான்.

நடப்பது இது: ஓய்வாக இருக்கும் செல்லில் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை ஐ-கப்பா-பி பிடித்துக்கொண்டு, அணுக்கருவுக்குள் போகவிடாமல் வைத்திருக்கிறது. டிஎல்ஆர்4 தூண்டப்பட்டதும் மைடி88, ஐராக்4, டிராஃப்6 என்ற புரதங்களின் வழியே கைமாறி வரும் சமிக்ஞை ஐ-கப்பா-பியின் மேல் பாஸ்பேட் குறியை இடுகிறது; குறி விழுந்த ஐ-கப்பா-பி சில நிமிடங்களில் அழிக்கப்படுகிறது. விடுபட்ட என்எஃப்-கப்பா-பி அணுக்கருவுக்குள் சென்று, டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகிய அழற்சியைத் தூண்டும் புரதங்களின் மரபணுக்களை இயக்குகிறது. அதே வேளையில் அது இயக்கும் மரபணுக்களில் ஒன்று ஐ-கப்பா-பியினுடையது. புதிதாக உருவான ஐ-கப்பா-பி அணுக்கருவுக்குள்ளேயே நுழைந்து, என்எஃப்-கப்பா-பியை மரபணுவிலிருந்து கழற்றி வெளியே கொண்டுவருகிறது. தூண்டுதல் நீடித்தால் மறுபடி அழிவு, மறுபடி உருவாக்கம். தனித்தனிச் செல்களை நுண்ணோக்கியில் பின்தொடர்ந்தவர்கள், சிலவகைச் செல்களில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 100 நிமிடங்களுக்கு ஒரு முறை நிகழ்வதை 2004-இல் காட்டினார்கள்.

ஆக, அழற்சியைத் தொடங்கும் புரதமே அழற்சியை நிறுத்தும் புரதத்துக்கும் ஆணை தருகிறது. வெளியிலிருந்து யாரும் வந்து அடக்க வேண்டியதில்லை.

8 அக்டோபர், இரவு

ஐ-கப்பா-பி மட்டும் இந்த வேலையைச் செய்வதாக எண்ணிவிடக் கூடாது. என்எஃப்-கப்பா-பி ஏ20 என்ற இன்னொரு புரதத்தையும் உண்டாக்குகிறது. சமிக்ஞைப் பாதையில் புரதங்களின் மேல் ஒட்டப்படும் யுபிக்விட்டின் சங்கிலிகளைப் பார்த்துத்தான் அடுத்தடுத்த புரதங்கள் கூடுகின்றன. ஏ20 அந்தச் சங்கிலிகளைக் குலைக்கிறது. ஏ20 இல்லாமல் பிறந்த எலிகள், கிருமி எதுவும் தாக்காமலேயே, பல உறுப்புகளில் அழற்சி கண்டு சில வாரங்களில் இறந்துபோவதாக 2000-இல் காட்டப்பட்டது.

பிறகு ட்ரிஸ்டெட்ராப்ரோலின். டிஎன்எஃப் புரதத்தை உருவாக்கும் செய்தி ஆர்என்ஏவின் வால்பகுதியில் அமர்ந்து, அந்த ஆர்என்ஏவை விரைவில் சிதையச் செய்வது இதன் வேலை. மரபணு நின்ற பிறகும் செய்தி தங்கிவிட்டால் டிஎன்எஃப் பெருகிக்கொண்டே இருக்கும் அல்லவா? இந்தப் புரதம் இல்லாத எலிகளுக்கு மூட்டுகள் வீங்கி, உடல் இளைத்துப்போகிறது.

10 அக்டோபர்

ஓசூர் வாசகர் ஒருவர், "இது குக்கர் வெயிட் போலத்தானே? நீராவியே வெயிட்டைத் தூக்கித் தன் அழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது" என்று கேட்டிருக்கிறார். மேலே சொன்ன வரைக்கும் உவமை பொருந்துகிறது. ஆனால் குக்கர் நேற்று வைத்த விசிலை இன்று நினைவில் வைத்திருப்பதில்லை. செல் வைத்திருக்கிறது.

1940களில் பால் பீசன் முயல்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசி மருந்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். முதல் ஊசிக்கு எழுந்த காய்ச்சல், அடுத்தடுத்த ஊசிகளுக்குக் குறைந்துகொண்டே வந்தது. எல்பிஎஸ்ஸுக்கு எண்டோடாக்சின் என்றும் பெயர்; எனவே இதை எண்டோடாக்சின் சகிப்பு என்கிறோம். எங்கள் கூடத்தில் இது அன்றாடத் தலைவலி. செல் வளர்க்கப் பயன்படும் சீரத்தில் எண்டோடாக்சின் மிகச் சிறிதளவு கலந்திருந்தாலும் போதும்: நுண்ணோக்கியின் கீழ் செல்கள் நன்றாகவே இருக்கும், தட்டில் ஒட்டிப் பரந்து நிற்கும், ஊடகத்தின் நிறம்கூட மாறாது. மறுநாள் எல்பிஎஸ் கொடுத்து, டிஎன்எஃப் போன்ற புரதத்தின் அளவை நிறத்தால் காட்டும் எலைசா சோதனை வைத்தால், மஞ்சள் ஏற வேண்டிய குழிகள் வெளிறிக் கிடக்கும். ஒருமுறை ஒரு புதிய தொகுதி சீரத்தால் ஆய்வுக்கூடம் முழுவதும் பல வாரங்கள் இப்படித் திணறியது. அந்தச் செல்கள் சோர்ந்துபோனவை அல்ல. முதல் நாளே எல்பிஎஸ்ஸைச் சந்தித்துவிட்டு, அடங்கி இருக்கக் கற்றுக்கொண்டவை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 2007-இல் மெட்ஷிடோவின் குழு வெளியிட்டது. இரண்டாம் முறை எல்பிஎஸ் சந்திக்கும் செல்லில் எல்லா மரபணுக்களும் அடங்கிவிடுவதில்லை. திசுவுக்குக் கேடு செய்யக்கூடிய அழற்சி மரபணுக்கள் மூடப்படுகின்றன. கிருமியை நேரடியாகக் கொல்லும் புரதங்களின் மரபணுக்கள் திறந்தே இருக்கின்றன, சில முன்னிலும் கூடுதலாக இயங்குகின்றன. இந்தத் தேர்வு, மரபணுவைச் சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேல் விழும் வேதிக் குறிகளின் வழியே நடக்கிறது. கேள்வி கேட்ட கே.ஆர். புரம் தம்பி இதைக் கவனிக்க வேண்டும். "எதிர்ப்புச் சக்தி" என்று ஒற்றை எண் ஒன்று உடலில் இல்லை. ஒரே செல்லில், ஒரே நாளில், அதன் ஒரு பாதி தாழ்கிறது, மறுபாதி உயர்கிறது. கடையில் விற்கும் பொடி "கூட்டுகிறது" என்றால் எந்தப் பாதியைக் கூட்டுகிறது என்று அந்த டப்பா சொல்வதில்லை.

11 அக்டோபர்

"எலிகளைப் பற்றியே சொல்கிறீர்கள், மனிதர்களில் இதற்கு என்ன சான்று?" என்று கேட்டவருக்கு.

இந்த ஏற்பாடுகளுள் ஒன்று குறைபட்டுப் பிறக்கும் குழந்தைகளே சான்று. எண்ணிக்கையில் மிகச் சிலர்தான், ஆனால் ஒவ்வொரு புரதமும் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அவர்களிடமிருந்தே மருத்துவம் கற்றது.

இன்டர்லூக்கின்-1 தன் ஏற்பியில் அமர்ந்தால் அழற்சி எழும். அதே ஏற்பியில் அமர்ந்தும் சமிக்ஞை எதையும் எழுப்பாமல், இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும் புரதம் ஒன்றை நம் உடல் உருவாக்குகிறது. அது இல்லாமல் பிறந்த குழந்தைகளை 2009-இல் விவரித்தார்கள். பிறந்த சில நாட்களிலேயே தோல் முழுதும் சீழ்க் கொப்புளங்கள், எலும்புகளில் வீக்கம், வலியால் ஓயாத அழுகை. சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தால் கிருமி கிடைக்காது. கிருமியே இல்லாத சீழ் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தப் புரதத்தை ஒத்த அனகின்ரா என்ற மருந்து, மூட்டுவாதத்துக்காக 2001-லேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருந்தது. தினமும் அதை ஊசியாகப் போட்டதும் குழந்தைகளின் தோல் தெளிந்தது.

அதே 2009-இல் இன்டர்லூக்கின்-10 ஏற்பி இல்லாத குழந்தைகளையும் அறிந்தோம். பிறந்த முதல் ஆண்டிலேயே கடுமையான குடல் அழற்சி. குடல் பாக்டீரியாக்களைப் பார்த்தும் பெருவிழுங்கிகள் அடங்கியிருக்க இன்டர்லூக்கின்-10 வேண்டும். அதைக் கேட்கும் ஏற்பி இல்லையென்றால் நட்புப் பாக்டீரியாவும் பகையாகிறது. இரத்தத் தண்டுச்செல் மாற்றுச் சிகிச்சையால் குணம் கண்டவர்கள் உண்டு.

எட்டாம் தேதி எழுதிய ஏ20-க்கும் மனிதச் சான்று 2016-இல் வந்தது. எலியில் இரு பிரதிகளும் போனால்தான் மரணம். மனிதரிலோ மரபணுவின் ஒரு பிரதி கெட்டாலே வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், விட்டுவிட்டுக் காய்ச்சல் என்று குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. பாதி அளவு ஏ20 மனித உடலுக்குப் போதவில்லை.

13 அக்டோபர், அதிகாலை

எட்டாம் தேதிக் குறிப்புகளை மறுபடி படித்துப் பார்த்தபோது, சமிக்ஞை எழுந்த பிறகு வரும் கட்டுப்பாடுகளை மட்டுமே சொல்லியிருப்பது தெரிந்தது. சமிக்ஞையே எழாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகள் இதைவிட அடிப்படையானவை.

வைரஸை உடல் எப்படி அறிகிறது? பெரும்பாலும் அதன் டிஎன்ஏ, ஆர்என்ஏ வழியாக. ஆனால் நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நீட்டி வைத்தால் 2 மீட்டர் வரும் நம் சொந்த டிஎன்ஏ இருக்கிறது. இரண்டுக்கும் வேதியியலில் பெரிய வேறுபாடில்லை. எனவே உடல் இடத்தை வைத்து வேறுபடுத்துகிறது: டிஎன்ஏ அணுக்கருவுக்குள் இருக்கலாம், அதற்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் இருக்கக் கூடாது. சைட்டோபிளாசத்தில் டிஎன்ஏவைத் தொட்டதும் சி-காஸ் என்ற நொதி ஸ்டிங் என்ற புரதத்தை எழுப்பி, வைரஸ் எதிர்ப்புப் புரதமான இன்டர்ஃபெரானைச் சுரக்கச் செய்கிறது. இந்த நொதியை 2013-இல் சென்னின் குழு கண்டறிந்தது. விந்தை என்னவென்றால், சி-காஸில் கணிசமான பங்கு அணுக்கருவுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே நம் டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் நியூக்ளியோசோமின் மேற்பரப்பில் அது இறுகப் பிணைந்து, வேலை செய்ய முடியாதபடி கட்டுண்டிருக்கிறது என்பதை 2020-இல் வெளியான பல அமைப்பு ஆய்வுகள் படம்பிடித்துக் காட்டின.

தவறிப்போய் வெளியே சிந்தும் டிஎன்ஏவை ட்ரெக்ஸ்1 என்ற நொதி நறுக்கித் தள்ளுகிறது. அது கெட்டுப்போன குழந்தைகளுக்கு ஐகார்டி-கூட்டியர் நோய் வருகிறது. 1984-இல் இந்த நோயை முதலில் விவரித்தபோதே ஒரு குழப்பம் இருந்தது. கருவிலேயே வைரஸ் தாக்கிய குழந்தையைப் போலவே மூளையில் சுண்ணாம்புப் படிவு, தண்டுவட நீரில் வெள்ளணுக்கள்; பின்னர் மிகுந்த இன்டர்ஃபெரானும் தெரியவந்தது. தேடினால் வைரஸ் மட்டும் இல்லை. 2006-இல் ட்ரெக்ஸ்1 மரபணு பிடிபட்டபோதுதான் விடை கிடைத்தது. உடல் தன் சொந்த டிஎன்ஏவையே வைரஸாக எடுத்துக்கொண்டிருந்தது. ஆர்என்ஏவுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு: அடார்1 என்ற நொதி நம் இரட்டை இழை ஆர்என்ஏவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுத்தை மாற்றி, வைரஸ் ஆர்என்ஏவிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுகிறது. அது கெட்டாலும் இதே நோய்தான்.

14 அக்டோபர்

பாராசிட்டமால் போட்டால் இந்தச் சமிக்ஞையெல்லாம் நின்று எதிர்ப்பாற்றல் கெடுமா என்ற கேள்விக்கு: நிற்காது. அது முதன்மையாக மூளையில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைத்து வெப்பநிலையை இறக்குகிறது. என்எஃப்-கப்பா-பி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மழைக்காலத்து பெங்களூரில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைவில் கொள்ளுங்கள். இரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம்.

17 அக்டோபர்

கார்டிசால் பற்றி எழுதாமல் இந்த இழை நிறைவடையாது. இதுவரை சொன்னவை செல்லுக்கு உள்ளே நடப்பவை. இன்டர்லூக்கின்-1 இரத்தத்தில் கூடும்போது மூளை அதை உணர்ந்து, அட்ரீனல் சுரப்பியைத் தூண்டிக் கார்டிசாலைச் சுரக்கச் செய்கிறது. அந்தக் கார்டிசால் உடல் முழுவதும் சென்று, அழற்சி மரபணுக்களை அடக்கி, அடக்கும் மரபணுக்களை எழுப்புகிறது. செல்லுக்குள் பார்த்த அதே வட்டம் இங்கே உடல் அளவில் நடக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் எல்லாம் இந்தக் கார்டிசாலின் வழியைப் பின்பற்றுபவை.

ஆகவே அவற்றைக் கொடுக்கும் நேரமே எல்லாம். 2020-இல் பிரிட்டனில் மருத்துவமனையில் இருந்த கோவிட் நோயாளிகளிடம் நடந்த ரெக்கவரி சோதனையில் நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் கொடுத்தார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில், 28 நாட்களுக்குள் இறந்தோர் வழக்கமான சிகிச்சையில் 41.4 விழுக்காடு; மருந்து பெற்றவர்களில் 29.3. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களில் மருந்தால் பயன் தெரியவில்லை; அங்கே இறப்பு 14.0-க்கு எதிராக 17.8 என்று சற்றே கூடுதலாகவும் இருந்தது. முதல் வாரத்தில் வைரஸைத் துரத்த அழற்சியின் வேலை தேவைப்படுகிறது. அதை அப்போதே அடக்கினால் வைரஸுக்கே உதவியாகும்.

இந்த எண்கள் வெளியாகி ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2021 மே மாதத்தில், ராமமூர்த்தி நகரில் எங்கள் தெருவில் நடந்ததை மறக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த ஒரு மருந்துச் சீட்டைப் பார்த்து, ஆக்சிஜன் அளவு 97 இருந்த பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் காய்ச்சலின் இரண்டாம் நாளே ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிவிட்டார்கள். அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய். நான் போய்ச் சொல்லி நிறுத்துவதற்குள் சர்க்கரை 400-ஐத் தாண்டிவிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். அதே மாதத்தில்தான் கருப்புப் பூஞ்சையை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கும்படி மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடல்களில் அது கொடூரமாகப் பரவியது. எனவேதான் "அடக்குவது நல்லது" என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

18 அக்டோபர்

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. அடக்கும் ஏற்பாடே அளவு மீறினால் என்னவாகும் என்பதற்கு விடை, தொற்றுக்கு உடலின் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளையே கெடுக்கும் செப்சிஸ் நோயாளிகளிடம் இருக்கிறது. முதல் சில நாட்களின் கடும் அழற்சியைத் தாண்டியவர்கள் பலரின் இரத்தத்தை எடுத்து எல்பிஎஸ் கொடுத்தால், டிஎன்எஃப் மிகச் சொற்பமாகவே வருகிறது. பத்தாம் தேதி சொன்ன வெளிறிய குழிகள்தான், ஆனால் இம்முறை ஒரு மனிதரின் இரத்தத்தில். அத்தகையவர்கள் ஐசியுவில் புதிய தொற்றுகளுக்கு எளிதில் ஆளாகிறார்கள். 1990களில் செப்சிஸுக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்துகளை நம்பிக்கையோடு சோதித்தார்கள். 1996-இல் வெளியான ஒரு சோதனையில் மருந்தின் அளவு கூடக்கூட இறப்பும் கூடியது.

எதிர்முனையில் ஐராக்4 இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். எட்டாம் தேதி சொன்ன பாதையின் நடுக்கண்ணி அது. நிமோகாக்கஸ் பாக்டீரியா இரத்தத்திலும் மூளையுறையிலும் புகுந்திருக்கும். காய்ச்சலோ, அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதமான சிஆர்பியோ அதற்கேற்ப ஏறியிருக்காது. அந்த அமைதியை நம்பிக் காத்திருந்தால் குழந்தை பிழைக்காது.

22 அக்டோபர்

சிஆர்பி எண்ணை வைத்து என்ன அறியலாம் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இன்டர்லூக்கின்-6 சொல்லி ஈரல் உருவாக்கும் புரதம் அது. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 19 மணி நேரம். ஆக, தூண்டுதல் நின்றுவிட்டால் எண் நாளுக்குப் பாதிக்கும் கீழே இறங்க வேண்டும். என் அம்மாவுக்கு நிமோனியா வந்தபோது, காய்ச்சல் இறங்குவதற்கு முன்பே அறிக்கையில் சிஆர்பி பாதியாகியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் டோசிலிசுமாப் போன்ற இன்டர்லூக்கின்-6 தடுப்பு மருந்து பெற்றவர்களிடம் இந்தக் கணக்கு செல்லாது. தொற்று இருந்தாலும் அவர்களின் சிஆர்பி ஏறாமல் இருக்கலாம்.

26 அக்டோபர்

கே.ஆர். புரம் தம்பி தனிச்செய்தியில் கேட்டதை, மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அவர் ஒப்புதலோடு இங்கே எழுதுகிறேன். அவருடைய அம்மாவுக்கு மூட்டுவாதத்துக்காக அடாலிமுமாப் ஊசி பரிந்துரைத்திருக்கிறார்கள். மருத்துவர் முதலில் காசநோய்ச் சோதனை எடுக்கச் சொல்வது வீண் செலவா என்பது கேள்வி.

வீண் செலவு அல்ல. நம் நாட்டில் மிகப் பலரின் நுரையீரலில் காசக்கிருமி உறங்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றிப் பெருவிழுங்கிகள் கட்டிவைத்திருக்கும் சுவர் குலையாமல் நிற்க டிஎன்எஃப் வேண்டும். அடாலிமுமாப் அந்த டிஎன்எஃப்பைப் பிடித்துக்கொள்கிறது. மூட்டு வீக்கம் வடியும் அதே நேரத்தில் சுவரும் தளரக்கூடும். இதே வகையைச் சேர்ந்த இன்ஃப்ளிக்சிமாப் பெற்றபின் காசநோய் கண்ட 70 பேரை 2001-இல் தொகுத்தபோது, 40 பேருக்கு அது நுரையீரலுக்கு வெளியே இருந்தது. எனவே மாண்டூ என்ற தோல் சோதனை அல்லது இக்ரா என்ற இரத்தச் சோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். உறங்கும் தொற்று தெரிந்தால், அதற்கான மாத்திரைகளைத் தொடங்கி, வழக்கமாகக் குறைந்தது ஒரு மாதம் கழித்தே ஊசியை ஆரம்பிப்பார்கள். ஊசி தொடங்கிய பிறகு அம்மாவுக்கு மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, கழுத்தில் நெறி, விடாத இருமல் இவற்றுள் எது வந்தாலும், அடுத்த ஊசியைப் போடுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.